மாதம் 11,000 ரூபாய் குட்டி ரயிலுக்கே போகிறது... நிறுத்திவிடவா?

கேள்வி: கோவையில் தனியார் வேலை, வயது 43. என் சம்பளமும் மனைவியின் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 1,02,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 27,500, எஸ்ஐபி (மாதாந்திர மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு) 5,000. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஃபிக்ஸட் டெபாசிட்டில் 2,50,000 இருக்கிறது. எனக்கு மாடல் ரயில் என்றால் பைத்தியம். ஹெச்ஓ என்ற மாடல் அளவில் ஜெர்மன், பிரிட்டிஷ், அமெரிக்க எஞ்சின்கள் என்று 14 வைத்திருக்கிறேன். அதில் ஆறை இன்னும் பெட்டியைவிட்டே எடுக்கவில்லை. குன்னூர் ஸ்டேஷனை மாடலாகச் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் வேலை முடிந்து வந்தால் மேசையில் உட்காரத் தெம்பில்லை. இரவு பத்தரைக்கு மேல் போனில் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறேன். மாதம் சராசரியாக 11,000 ஆகிறது, எல்லாம் கிரெடிட் கார்டில். கார்டுக்கு மாதம் 7,000 கட்டுகிறேன். போன வருடம் 45,000 இருந்த பாக்கி இப்போது 1,38,000. வீட்டில் விலை கேட்டால் பாதிதான் சொல்வேன். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. இன்னும் மூன்று எஞ்சின்களுக்கு வெளிநாட்டுக் கடைகளில் முன்பதிவு இருக்கிறது. இது தப்பா? (பெயர் வேண்டாம்)

பதில்: ரயில் தப்பில்லை. கார்டு தப்பு. விலையில் பாதியை மறைப்பது அதைவிடத் தப்பு. அப்புறம், அந்த "குடி, சிகரெட் கிடையாது" வரி எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இருக்கும். செய்யாத செலவை யாரும் பாஸ்புக்கில் வரவு வைப்பதில்லை.

முதலில் கார்டு. பெரும்பாலான கார்டுகளில் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி போடுகிறார்கள். 1,38,000-க்கு 4,830 ரூபாய். அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 870. ஆக, நீங்கள் கட்டும் 7,000-ல் 5,700 அப்படியே காணாமல் போகிறது, அசலில் குறைவது 1,300. அதே மாதம் 11,000-க்கு மறுபடி தேய்க்கிறீர்கள். பாக்கி மூன்று மடங்கானதில் ஆச்சரியமே இல்லை. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை கிடையாது. ஆர்டர் போட்ட அன்றே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

அதனால் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடையுங்கள். வேண்டா வெறுப்பாகத்தான் இதைச் சொல்வேன், ஆனால் இங்கே கணக்கு சந்தேகத்துக்கு இடமில்லாதது. அங்கே ஆண்டுக்கு ஏழு சதவீதம் வாங்கிக்கொண்டு இங்கே 42 கொடுக்கிறீர்கள். முன்கூட்டியே எடுப்பதற்கு வங்கி வட்டியில் அரை, ஒரு சதவீதம் பிடிக்கும், பிடிக்கட்டும். 1,40,000 எடுத்து கார்டை ஒரே கட்டாக முடித்துவிட்டு, கடைகளின் தளங்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கியின் ஆப்பிலேயே நிறுத்தி வைக்கலாம். இரவு பத்தரை மணி ஆசைக்கு அது நல்ல பூட்டு.

வெளிநாட்டில் வாங்கும்போது திரையில் தெரிகிற விலை உங்கள் விலை இல்லை. தபால் செலவு, கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம், சுங்கம் எல்லாம் பின்னால் வரும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20-லிருந்து 60 சதவீதமானது, 2023-ல் 70 ஆனது. உங்கள் பார்சலை எந்த வகையில் சேர்த்து வரி போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஆனாலும் 12,000 ரூபாய் எஞ்சின் வீட்டு வாசலுக்கு 20,000-ஆக வந்து சேர்வது நடக்கிற கதைதான். மனைவியிடம் பாதி விலை சொல்லும்போது உங்களுக்கே முழு விலை தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இனி ரயில். எனக்கு எஞ்சின் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று இடிக்கிறது. நீலகிரி ரயில் ஓடுவது மீட்டர் கேஜ், ஒரு மீட்டர் அகலம். ஹெச்ஓ என்பது நிஜ அளவில் 87-ல் ஒரு பங்கு. குன்னூரை அந்த அளவில் செய்தால் தண்டவாளம் 12 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்க வேண்டும். உங்கள் அலமாரியில் இருக்கும் எஞ்சின்கள் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுபவையாகத்தான் இருக்கும். அதாவது பதினான்கில் ஒன்றுகூடக் குன்னூருக்குப் போகாது! இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. செய்வதற்கு நேரமில்லாத குறையை வாங்கித் தீர்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் மேசையில் உட்கார்ந்தால் இரவில் போனைத் தேடும் கை தானாகவே குறையும் என்று நினைக்கிறேன். வீட்டில் சொல்லிவிட்டு, மகளையும் கூப்பிட்டு உட்காருங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். உங்கள் அளவில் அதுவே அரை கிலோமீட்டருக்கு மேல். முழுசாக எந்த வீட்டிலும் அடங்காது. ஒரே ஸ்டேஷன், ஒரே காலகட்டம் என்று முடிவு செய்யுங்கள். வாங்க வேண்டிய பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். பலகை, ஃபோம் போர்டு, பசை, பெயின்ட் எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். தரைக்குக் காய வைத்த டீத்தூள் சக்கையையே தூவுகிறார்கள். குன்னூருக்கு அதைவிடப் பொருத்தமான மண் கிடைக்குமா என்ன?

கார்டு முடிந்தால் மாதம் 7,000 மிச்சம். அதில் 2,500 ரயிலுக்கு, 4,500 ஆர்டிக்கு (மாதாமாதம் போடும் வங்கி வைப்பு). 2,500-ஐ மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு, சேர்ந்தபின் வாங்குங்கள், முன்னால் அல்ல. பிரிக்காத ஆறில் குன்னூர்க் கனவுக்கு உதவாத நான்கை, பெட்டியோடு இருக்கும்போதே, இதே ஆர்வம் உள்ளவர்களிடம் விற்றுவிடுங்கள். வாங்கிய விலை வராது. "பின்னால் விலை ஏறும்" என்பதை முதலீடாக நம்பவே வேண்டாம். மொத்தமாக 35,000 வந்தாலும் டெபாசிட்டில் எடுத்த மீதி 1,05,000 இரண்டு வருடத்தில் திரும்பிவிடும். போனஸ் வந்தால் அதற்கும் முன்பே.

மனைவியிடம் முழுத் தொகையைச் சொல்லுங்கள், டெபாசிட்டை உடைப்பதற்கு முன்னாலேயே. இரண்டு சம்பளம் வருகிற வீடு உங்களுடையது. அவர் தனக்கென்று என்ன செலவு செய்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கும் கேள்வி கேட்காத ஒரு தொகை வேண்டுமென்றால் உங்கள் 2,500 குறையலாம். குறையட்டும்.

டேர்ம் இன்ஷூரன்ஸ் (நமக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) பற்றி எழுதவில்லை. இல்லையென்றால் அடுத்த எஞ்சினுக்கு முன் அதை எடுங்கள், வீட்டுக் கடன் ஓடுகிறது.

முன்பதிவுகளுக்கு வருகிறேன். மாடல் ரயில் தயாரிப்பாளர்கள் அறிவித்துப் பல மாதம் கழித்துத்தான் அனுப்புகிறார்கள். மூன்றும் ஒரே மாதத்தில் வந்து நின்றால் மறுபடி கார்டுதான். நாளைக்கே மூன்று கடைகளுக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். பல கடைகள் அனுப்பும்போதுதான் பணம் எடுக்கின்றன, அதுவரை ரத்து செய்தால் நஷ்டமில்லை. முன்பணம் கட்டியிருந்து அது திரும்பாது என்றாலும், மீதித் தொகையையும் சுங்கத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முன்பணத்தை விட்டுவிடுங்கள்.