போக்கர் ஆட்டத்தின் அடிப்படை விதிகளை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

ரம்மி மட்டுமே ஆடிப் பழகிய ஒருவர் போக்கரை முதலிலிருந்து கற்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். போக்கரில் வகைகள் பல உண்டு என்றாலும், டெக்சாஸ் ஹோல்டம் என்ற வகையோடு தொடங்குவதே நல்லது. விதிகள் குறைவு, உடன் ஆட ஆள் கிடைப்பதும் எளிது. பலரும் எந்தக் கை, அதாவது எந்த ஐந்து சீட்டுச் சேர்க்கை, எந்தக் கையை வெல்லும் என்ற பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, பந்தயம் கட்டும் முறையை ஆட்டத்தின் போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். ரம்மியில் சீட்டுகளைச் சேர்த்து முடித்தால்தான் வெற்றி. போக்கரில் மற்ற அனைவரும் விலகிவிட்டால், கையில் ஒன்றுமே இல்லாதவரும் சீட்டைக் காட்டாமலே நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பந்தயம்தான் ஆட்டத்தின் உயிர்.

ஜோக்கர் இல்லாத 52 சீட்டுக் கட்டு போதும். யார் சீட்டுப் போடுபவர் என்பதைக் குறிக்கும் பட்டன் ஒவ்வோர் ஆட்டத்திலும் இடப்பக்கமாக ஓர் இடம் நகரும். அதற்கு இடப்புறம் இருப்பவர் சிறிய பிளைண்ட் என்ற கட்டாயத் தொகையையும், அடுத்தவர் வழக்கமாக அதைப் போல் இரு மடங்கான பெரிய பிளைண்டையும், சீட்டைப் பார்க்கும் முன்பே நடுவில் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். பெரிய பிளைண்டுக்கு அடுத்தவரில் தொடங்கி ஒவ்வொருவரும் விலகலாம், அதே தொகையைக் கட்டித் தொடரலாம், அல்லது தொகையை உயர்த்தலாம். இவற்றையே ஃபோல்ட், கால், ரெய்ஸ் என்பார்கள். அடுத்து ஃபிளாப் என்ற பெயரில் 3 பொதுச் சீட்டுகளும், டர்ன், ரிவர் என்ற பெயர்களில் ஒவ்வொரு சீட்டும் நடுவில் திறக்கப்படும். ஒவ்வொரு முறை திறந்த பின்னும் பட்டனுக்கு இடப்புறம் இருப்பவரில் தொடங்கி ஒரு பந்தயச் சுற்று நடக்கும். அதில் அதுவரை எவரும் கட்டவில்லை என்றால் காசு வைக்காமல் செக் சொல்லிக் கடந்துபோகலாம். இறுதியில் எஞ்சியிருப்பவர்கள், கையில் உள்ள இரண்டும் பொதுவில் உள்ள ஐந்துமாகச் சேர்ந்த ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தைக் காட்டுவார்கள்.

கைகளின் தரவரிசை அவை எவ்வளவு அரிதாக அமைகின்றன என்பதைப் பொறுத்தது என்று புரிந்துகொண்டால் மனப்பாடம் பாதியாகக் குறையும். 52 சீட்டுகளிலிருந்து 25,98,960 விதமாக ஐந்து சீட்டுகளை எடுக்கலாம். அவற்றில் ஒரே சின்னத்தில் பத்து முதல் ஏஸ் வரை அமையும் ராயல் ஃபிளஷ் 4 மட்டுமே. அதற்கு அடுத்து ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் வரிசையாக ஐந்து) 36, ஒரே எண்ணில் நான்கு 624, ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும்) 3,744, ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து) 5,108, ஸ்ட்ரெய்ட் (சின்னம் கலந்து வரிசையாக ஐந்து) 10,200. ஒரே எண்ணில் மூன்று, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி, வெறும் உயர்ந்த சீட்டு ஆகியவை அதற்குக் கீழே வரும். வேடிக்கை என்னவென்றால், ஏழு சீட்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது ஒன்றுமே அமையாமல் போவது இரண்டு ஜோடி அமைவதைவிட அரிது. ஆனாலும் வரிசை மாற்றப்படுவதில்லை. இருவருக்கும் ஒரே ஜோடி அமைந்தால் உடனிருக்கும் உயர்ந்த சீட்டு முடிவு செய்யும். ஐந்தும் சமமென்றால் தொகை பங்கிடப்படும். சின்னங்களுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது.

விதிகள் தெரிந்த பிறகு முதலில் பழக வேண்டியது தொடர்வதற்கு ஆகும் விலையைக் கணக்கிடுவது. கையில் இரண்டு இஸ்பேடும் ஃபிளாப்பில் இரண்டு இஸ்பேடும் இருந்தால், நீங்கள் பார்க்காத 47 சீட்டுகளில் 9 உங்களுக்கு ஃபிளஷ் தரும். அடுத்த சீட்டிலேயே அது வர ஏறத்தாழ 19 சதவீதமும், டர்ன், ரிவர் இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் 35 சதவீதமும் வாய்ப்பு உண்டு. நடுவில் 100 இருக்க எதிராளி 50 கட்டுகிறார் என்றால், 150ஐ வெல்ல நீங்கள் 50 வைக்கிறீர்கள். அது நட்டமில்லாமல் இருக்க நான்கில் ஒரு முறையாவது வெல்ல வேண்டும். அடுத்த ஒரு சீட்டை மட்டும் நம்பினால் அந்த விலை அதிகம். ஃபிளஷ் அமைந்த பிறகு எதிராளியிடமிருந்து மேலும் தொகை வரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தால்தான் தொடர்வதில் பொருள் உண்டு.

இருக்கையும் இந்தக் கணக்கில் சேரும். ஃபிளாப்புக்குப் பிறகு பட்டனில் இருப்பவர் கடைசியில் முடிவெடுப்பதால் மற்றவர்கள் செய்ததையெல்லாம் பார்த்துவிடுகிறார். முதலில் பேச வேண்டியவருக்கு அந்த வசதி இல்லை. எனவே பட்டனில் ஆடத்தக்க சுமாரான இரண்டு சீட்டுகளை, முதலில் முடிவெடுக்கும் இருக்கையில் தயங்காமல் ஃபோல்ட் செய்துவிடலாம். பொய்ப் பந்தயம் கட்டி மிரட்டும் பிளஃப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். எதிராளி எப்போது விலகுவார் என்று ஊகிக்கத் தெரியாதவருக்கு அது வீண் செலவு.

பயிற்சிக்கு, காசில்லாமல் வெறும் சில்லுகளை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று பேராக எல்லாச் சீட்டுகளையும் திறந்தே ஆடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் யார் முன்னணியில் இருக்கிறார், பின்தங்கியவரை எத்தனை சீட்டுகள் காப்பாற்றும், அதற்குக் கேட்கப்படும் தொகை தகுமா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடினால், கவிழ்த்த சீட்டுகளோடு ஆடும்போது அந்தக் கணக்கைத் தனியாகவே போட வந்துவிடும்.