கார்டில் யாரோ கை வைத்திருக்கிறார்களா? கேள்வி-பதில்

கேள்வி: பெயரே தெரியாத ஓர் இடத்துக்குச் சில்லறைத் தொகை போயிருக்கிறது. இதற்குப் போய் வங்கியைத் தொந்தரவு செய்யணுமா?

பதில்: கட்டாயம் செய்யுங்கள். திருடிய கார்டு எண் வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் சில்லறையைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். வங்கியில் இந்தப் புகார்களைப் பார்த்த காலத்தில் என் மேசைக்கு வந்த ஸ்டேட்மென்ட்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: மேலே ஒரு குட்டித் தொகை, அதற்கு அடியில் வரிசையாகப் பெரிய தொகைகள்.

ஆனால் பெயர் புதிதாக இருப்பதாலேயே மோசடி என்று சொல்லிவிட முடியாது. கடைப் பலகையில் ஒரு பெயர், பதிவு செய்த நிறுவனத்துக்கு வேறு பெயர் என்பது சாதாரணம். அதே தொகையை உங்கள் மின்னஞ்சலில் தேடுங்கள். அப்புறம், வீட்டில் இருப்பவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகள் விளையாடும் போன் கேமில் முடிந்த புகார்கள் எத்தனையோ!

கேள்வி: ஓட்டலில் கொடுத்ததைவிட அதிகமாகக் காட்டுகிறதே?

பதில்: 'பெண்டிங்' என்று இருந்தால் சில நாள் பொறுங்கள். அது முன்கூட்டி நிறுத்திவைத்த தொகை. உண்மையான பில் ஏறியதும் மீதி விடுபடும்.

கேள்வி: கார்டை மாற்றிய பிறகும் மாதாமாதம் சந்தா போகிறது. எப்படி?

பதில்: பலர் ஏமாறுவது இங்கேதான். கார்டு காலாவதியானாலோ மாறினாலோ சந்தா அறுந்துபோகக் கூடாது என்று, புது எண்ணை வணிகர்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டை விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே வைத்திருக்கின்றன. எனவே சந்தாவை அந்த நிறுவனத்திடமே ரத்து செய்து, ரத்தான மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகும் எடுத்தால், அதைக் காட்டி வங்கியில் நிறுத்தச் சொல்லலாம்.

கேள்வி: மோசடிதான், சந்தேகமில்லை. முதலில் என்ன செய்வது?

பதில்: செயலியில் கார்டை முடக்குங்கள். பிறகு கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இணையத்தில் தேடி எடுத்த எண் வேண்டாம், அதில் போலிகள் அதிகம். புகார் எண், நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு, எழுத்திலும் புகார் கொடுங்கள். தொகை இன்னும் பெண்டிங்கில் இருந்தால் 'ஏறிய பிறகு வாருங்கள்' என்பார்கள். சரி, பணத்தைக் கேட்க வேண்டுமானால் காத்திருக்கலாம். கார்டை முடக்க ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். டெபிட் கார்டு என்றால் இன்னும் அவசரம். கிரெடிட் கார்டில் சிக்குவது வங்கியின் பணம், டெபிட்டில் கணக்கிலிருந்து போவது உங்கள் பணம்.

கேள்வி: 'பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்' என்று வங்கியிலிருந்தே பேசுகிறார்கள்...

பதில்: வங்கியிலிருந்து இல்லை. உங்களுக்குப் பணம் வர ஓடிபி எதற்கு? போனை வைத்துவிட்டு, அதே பின்புற எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.