“மாத்திரை போட்டியா?” – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 33. ஆறு வருடமாக பைபோலாருக்கு, அதாவது மனம் ஒரேயடியாக எகிறுவதும் ஒரேயடியாகச் சோர்வதுமாக மாறிமாறி வரும் நோய்க்கு, மருந்து சாப்பிடுகிறேன். லித்தியம், இரவில் ஒலான்சபின். இந்த ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அட்மிட் ஆகவில்லை. ஆனால் 54 கிலோ இருந்தவள் 78 ஆகிவிட்டேன். கண்ணாடி பார்ப்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் புடவை மாற்றுகிறேன். அவர் நல்லவர். ஆனால் நானாக அவர் பக்கத்தில் போனால் முதலில் கேட்பது, “மாத்திரை போட்டியா?” அதோடு எனக்கு எல்லாம் வற்றிவிடுகிறது. தை மாதம் தங்கை கல்யாணம். அதுவரை இரவு மாத்திரையைப் பாதியாக்கி, பேலியோவும் விரதமுமாக இருந்து இளைக்கலாமா? இந்த நோயைச் சொல்லியே அவர் விவாகரத்து வாங்கலாம் என்கிறார் நாத்தனார். அதுவும் பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அந்த உரிமையில் திட்டுகிறேன். மாத்திரையைப் பாதியாக்க யாரைக் கேட்டாய்? ஒலான்சபின் பசியைக் கிளப்பும் மருந்து. எடை ஏறியதற்கு உன் நாக்கைக் குற்றம் சொல்லாதே. அதற்காக நீயே குறைத்தால், தங்கை கழுத்தில் தாலி ஏறும்போது நீ ஆஸ்பத்திரியில் இருப்பாய். பட்டினி இன்னும் ஆபத்து. உடம்பில் நீரும் சோடியமும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். பேலியோ என்று மாவுச்சத்தைச் சட்டென்று நிறுத்தினால் முதலில் இறங்குவது அந்த நீரும் உப்பும்தான். இரத்தத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6க்கும் 1.0 மில்லிமோலுக்கும் இடையில் வைத்திருக்கிற லித்தியம் 1.5ஐத் தாண்டினால் வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்று போகும்.

எடை தாங்க முடியவில்லை என்று டாக்டரிடம் சொன்னாயா? உன் கடிதத்தில் அது இல்லையே! இடுப்பளவு, வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் பார்க்கச் சொல். லித்தியம் தைராய்டை மந்தமாக்கும், அதனாலும் எடை ஏறும். அரிபிபிரசோல் மாதிரி எடையை அவ்வளவாக ஏற்றாத மருந்துகள் இருக்கின்றன. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. எது உனக்குப் பொருந்தும் என்பதை அவர் சொல்லட்டும்.

நாத்தனாரின் சட்டத்தை விடு. மனநோய் இருக்கிறது என்பது மட்டும் விவாகரத்துக்குப் போதாது, சேர்ந்து வாழ எதிர்பார்க்கவே முடியாத அளவுக்கு அது இருக்கவேண்டும் என்று 1988இலேயே ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்கு அந்த “மாத்திரை போட்டியா”தான் முள்ளாகக் குத்துகிறது. போன மாதம் என் சித்தியின் பீரோவை ஒழித்தோம். அத்தனையும் சாம்பல் நிறம், மண் நிறம். சித்திக்கும் இதே நோய். மதுரையில் கூட்டுக் குடும்பம். அவள் ஒரு முழம் பூ கூடுதலாக வைத்தால் பாட்டி அத்தையைப் பார்ப்பாள், அத்தை சித்தப்பாவைப் பார்ப்பாள். வாய்விட்டுச் சிரித்தால் அந்தப் பார்வை. அரக்குப் புடவை கட்டினால் அந்தப் பார்வை. சித்தப்பாவோடு மொட்டை மாடியில் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால் கீழேயிருந்து குரல் வரும்: “மருந்து குடுத்தாச்சா?” அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. மேனியா, அதாவது மனம் கட்டில்லாமல் எகிறும் கட்டம், வந்த ஒரு வருடம் சித்தி தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு ஊர் ஊராகப் போனவள். அந்தப் பயம் வீட்டை விட்டுப் போகவே இல்லை. சித்தி முதலில் பூவை விட்டாள், பிறகு சிரிப்பை. சித்தப்பா பக்கத்தில் உட்காருவதையும் விட்டாள். “இப்ப நல்லா ஆயிட்டா” என்றார்கள். எல்லாருக்கும் நிம்மதி. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மேனியாவில் காமம் எகிறும், உண்மைதான். உன் வீட்டுக்காரர் அதை ஒருமுறை பார்த்து அரண்டிருக்கலாம், அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மேனியா தனியாக வராது. இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே தெரியாது, பேச்சு நிற்காது, பணம் தண்ணீராக ஓடும், இதெல்லாம் சேர்ந்து ஒரு வாரமாவது நீடிக்கும். ஏழு மணி நேரம் தூங்கி எழுந்து, வீட்டுக் கணக்கைச் சரியாக எழுதி, ராத்திரி புருஷன் தோளில் சாய்கிற பெண்ணுக்கு வந்திருப்பது ஆசை. 33 வயதில் அது வராமல் போனால்தான் டாக்டரிடம் கேட்கவேண்டும். உன் தூக்கத்தைக் கவனிக்கச் சொல் அவரை. மூன்று இரவு தூக்கம் குறைந்தால் அவர் கேட்கலாம், அதட்டலாம், டாக்டருக்குப் போன் போடலாம். நீ நன்றாக இருக்கும் நாளிலேயே இதை இருவரும் உட்கார்ந்து தாளில் எழுதிவையுங்கள். அந்தத் தாளில் உன் ஆசையைத் தனி அறிகுறியாக எழுத விடாதே.

மாத்திரைப் பேச்சு படுக்கையறைக்குள் வரக்கூடாது. கிழமை போட்ட டப்பா ஒன்று வாங்கி சாப்பாட்டு மேசையில் வை. அவர் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும், வாயால் கேட்க வேண்டாம். விளக்கை அணைப்பதும் அணைக்காததும் உன் இஷ்டம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 24 கிலோ ஏறிய ஆறு வருடத்தில்தான் நீ ஒருமுறைகூட அட்மிட் ஆகாமல் இருந்திருக்கிறாய், அதை எழுதியவள் நீ.

அடுத்த தடவை டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போ. “இவளாகப் பக்கத்தில் வந்தால் நான் பயப்படணுமா?” என்று அவரே கேட்கட்டும். அவர் வெட்கப்பட்டால் நீ கேள். வெளியே கூட்டம் காத்திருக்கிறதே என்று பதில் வருமுன் எழுந்துவிடாதே.