இதயக் குழாயில் 24 மி.மீ. புடைப்பு: பைபாஸ் மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நெஞ்சுவலிக்காக ஆஞ்சியோகிராம் எடுத்ததில், வலது கரோனரி ரத்தக் குழாயில் 24 மி.மீ. அன்யூரிசம் (குழாய்ச் சுவர் பைபோலப் புடைத்திருப்பது) தெரிந்தது. பைபாஸ் போதும் என்கிறார் ஒரு மருத்துவர். புடைப்பையும் மூட வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இந்த அளவுக்கு இரண்டாமவர் பக்கம்தான் நியாயம். அந்தக் குழாயின் இயல்பான அகலமே 3, 4 மி.மீ.தான். 20 மி.மீ. தாண்டினால் ராட்சதப் புடைப்பு என்போம். வெடித்துவிடுமோ என்றுதான் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள், அது அபூர்வம். பைக்குள் ரத்தம் சுழன்று தேங்கி உறைந்து கட்டியாவதும், அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு கீழே போய் அடைத்து மாரடைப்பு வருவதும்தான் அதிகம்.

பைபாஸ் மட்டும் செய்தால் பை அப்படியே இருக்கும், துணுக்குகளும் போய்க்கொண்டிருக்கும். போதாததற்கு, பழைய வழியிலும் ரத்தம் தாராளமாக வந்தால் புது ஒட்டுக்குழாயில் ஓட்டம் மந்தமாகி அது மூடிக்கொள்ளும்.

அறுவையில், இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து இதயத்தை நிறுத்தும்வரை புடைப்பை அழுத்தக் கூடாது, கட்டி நகர்ந்துவிடும். நிறுத்தும் திரவத்தை இதயச் சிரை வழியாக எதிர்த்திசையில் செலுத்துவது இதனால்தான் நல்லது. பிறகு பையைத் திறந்து, கட்டியை வழித்தெடுத்து, ரத்தம் நுழையும் வாயையும் வெளியேறும் வாயையும் உள்ளிருந்தே தைத்து மூடுவார்கள். காலிலிருந்து எடுத்த சிரையைப் புடைப்புக்குக் கீழே நல்ல பகுதியில் இணைப்பார்கள். கோட்டைவிடும் இடம் பக்கக் கிளைகள். இரு முனைகளையும் வெளியிலிருந்து கட்டியதோடு விட்டுவிட்டால், பையிலிருந்து கிளம்பும் கிளை வழியே ரத்தம் பின்னோக்கி வந்து பை மறுபடி நிரம்பலாம். கிளை பெரிதென்றால் அதற்கும் தனி ஒட்டு தேவைப்படும்.

உறை போட்ட ஸ்டென்ட் (குழாய்க்குள் வைக்கும் வலைக்குழல்) பற்றியும் யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் 10 மி.மீ.க்கு உட்பட்ட, பெரிய கிளை ஏதும் இல்லாத, நேரான பகுதிக்குத்தான் அது. அப்பாவுக்கு ஒத்துவராது.

தேதி குறிக்கும் முன் சி.டி. கரோனரி ஆஞ்சியோகிராம் கேளுங்கள் (சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு). சாதாரண ஆஞ்சியோகிராமில் ரத்தம் ஓடும் பகுதி மட்டுமே தெரியும். கட்டி அடைத்த பகுதியைச் சேர்த்தால் பை 24 மி.மீ.யைவிடப் பெரிதாக இருக்கலாம். விடாத காய்ச்சல் இருந்தால் உடனே சொல்லுங்கள். கிருமித் தொற்றால் வந்த புடைப்பென்றால் வெறுமனே தைத்து மூட முடியாது, வெட்டி எடுத்தாக வேண்டும். வயிற்று மகாதமனிக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சிலருக்கு அங்கேயும் புடைப்பு இருக்கும்.