“உங்கள் ஆன்மிகத் தேவை என்ன?” என்று கேட்டால் நோயாளிகள் வாயடைத்துப் போகிறார்கள்

வார்டில் படிவத்தைப் பார்த்து இப்படிக் கேட்டால் நோயாளிகள் பேசுவதே இல்லை என்று கேட்டிருந்தீர்கள், சிஸ்டர். ‘ஆன்மிகத் தேவை’ என்ற சொல்லையே விட்டுவிட்டு, “இவ்வளவு கஷ்டத்திலும் உங்களுக்குத் தெம்பு கொடுப்பது எது அம்மா?” என்று கேளுங்கள். பயிற்சியில் உங்களுக்குக் கொடுத்த படிவம், 1996-இல் மருத்துவர் கிறிஸ்டினா புச்சல்ஸ்கி உருவாக்கிய, நோயாளியின் ஆன்மிக நம்பிக்கைகளைக் கேட்டறியும் ‘ஃபிகா’ (FICA) முறையைச் சேர்ந்ததாகத் தெரிகிறது. நம்பிக்கை, அதன் முக்கியத்துவம், துணையாக நிற்கும் சமூகம், சிகிச்சையில் அதற்குத் தரும் இடம் ஆகிய நான்கும் உரையாடலுக்கான வழிகாட்டிகளே தவிர, வரிசையாகப் படித்துக் காட்ட வேண்டிய வினாக்கள் அல்ல.

நம் வேலூர் மருத்துவமனை வார்டுகளில் ‘ஆன்மிகத் தேவை’ என்று கேட்டதும், மதத்தை விசாரிக்கிறார்கள் என்றோ, நோய் கைமீறிவிட்டது என்றோ நோயாளி அஞ்சுவதே மௌனத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

அடுத்த சில நோயாளிகளிடம், குறிப்பேட்டை ஓரமாக வைத்துவிட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது பேசிப் பாருங்கள். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி என்னிடம் மூன்று நாள் “ஒன்றுமில்லை சிஸ்டர்” என்றே சொன்னார், தலையணை உறை மாற்றுகையில் கெங்கையம்மன் குங்குமப் பொட்டலம் கீழே விழ, அதை எடுத்து அவர் கையில் வைத்து “இதை எங்கே வைக்கட்டும்?” என்று கேட்ட பிறகுதான், அறுவை சிகிச்சைக்கு முன் தாயத்தைக் கழற்றியதிலிருந்து தூக்கமே இல்லை என்று அழுதார். வங்காளத்திலிருந்து வரும், தமிழ் தெரியாத நோயாளிகளானால், உறவினரை வைத்துப் பேசுவதை விட மொழிபெயர்ப்பாளரே மேல்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. நோயாளி கேட்காமல் நம் மத ஜெபத்தையோ பிரசாதத்தையோ நாமாகக் கொடுக்கக் கூடாது. “சாமி என்னைக் கைவிட்டுவிட்டது, செத்தால் போதும்” என்று ஒருவர் சொன்னால், அதைத் தனியாகச் சுமக்காமல் அந்த ஷிஃப்டிலேயே மருத்துவரிடமும் ஆன்மிக ஆலோசகரிடமும் தெரிவித்துவிடுங்கள்.