படிவத்தைத் திருத்தும் உரிமை யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் மலையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அமெரிக்க மாநிலங்கள் தங்கள் அதிபர் மீது தொடுத்த தேர்தல் வழக்கைப் பற்றியே கேட்டிருந்தன. ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

குன்னூர் வாசகர்: என் மகள் சியாட்டிலுக்கு அருகில் வசிக்கிறாள்; அமெரிக்கக் குடியுரிமை பெற்று இருமுறை வாக்களித்தும் விட்டாள். அவளுடைய வாஷிங்டன் மாநிலமும் பக்கத்து ஓரிகனும் சேர்ந்து அதிபர் டிரம்ப் மீதே வழக்குத் தொடுத்திருப்பதாகச் சொன்னாள். ஒரு மாநிலம் நாட்டின் அதிபரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியுமா? அப்படி அவர் என்னதான் செய்தார்?

தாராளமாக முடியும். எந்தக் கட்சியினர் அதிபராக இருந்தாலும், மாற்றுக் கட்சி ஆளும் மாநிலங்கள் கூட்டாக வழக்குத் தொடுப்பது அங்கே பழகிப்போன ஒன்று. அதிபரின் ஆணையால் தனக்கு நேரடியான பாதிப்பு உண்டு என்பதை மட்டும் மாநிலம் முதலில் காட்டியாக வேண்டும். படிவங்களை மாற்றும் செலவு, அலுவலர்களுக்கு மீண்டும் பயிற்சி அளிக்கும் செலவு, நிறுத்தப்படக்கூடிய நிதி ஆகியவை இந்த வழக்கில் அந்தப் பாதிப்பாகச் சொல்லப்பட்டன.

டிரம்ப் 2025 மார்ச் 25 அன்று கையெழுத்திட்ட, 14248 என்ற எண் கொண்ட நிர்வாக ஆணைதான் விவகாரம். வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள அங்கே ஒரு பொதுப் படிவம் உண்டு. அதில் 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?' என்ற கேள்விக்கு எதிரே ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டு, பொய் சொல்லியிருந்தால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியின் கீழ்க் கையெழுத்திட்டால் குடியுரிமையைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. இந்தக் கட்டம் போதாது, கடவுச்சீட்டு போன்ற ஆவணத்தையும் இணைக்கச் செய்ய வேண்டும் என்று அந்தப் படிவத்தைப் பராமரிக்கும் தேர்தல் உதவி ஆணையத்துக்கு டிரம்பின் ஆணை கட்டளையிட்டது. பிறப்புச் சான்றிதழ் மட்டும் இருந்தால் போதும் என்று அதில் சொல்லப்படவில்லை. தேர்தல் நாளுக்குப் பிறகு வந்து சேரும் தபால் வாக்குகளை எண்ணும் மாநிலங்கள் மீது நடவடிக்கை எடுக்கவும், உடன்படாத மாநிலங்களுக்கு நிதியை நிறுத்தவும் அதே ஆணை வழி வகுத்தது.

ஏப்ரல் 3 அன்று 19 மாநிலங்கள் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. முழுக்கத் தபால் வழியாகவே தேர்தல் நடத்தும் வாஷிங்டனும் ஓரிகனும் மறுநாள் சியாட்டிலில் தனியாகத் தொடுத்தன. தங்கள் மகளின் வீட்டுக்குத் தேர்தலுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே வாக்குச்சீட்டு வந்துவிடும். சாப்பாட்டு மேசையிலேயே அமர்ந்து அதை நிரப்பி, உறையின் மேல் கையெழுத்திட்டு, தபாலிலோ தெருமுனையில் வைத்திருக்கும் பெட்டியிலோ போட்டிருப்பார். அந்தக் கையெழுத்தைப் பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்ட பிறகே உறை பிரிக்கப்படும்.

மாநிலங்களின் வாதம் அரசமைப்பின் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறது. முதல் உறுப்பின் நான்காம் பிரிவு, நாடாளுமன்ற உறுப்பினர் தேர்தலின் காலம், இடம், முறை ஆகியவற்றை அந்தந்த மாநிலச் சட்டமன்றம் வகுக்கும் என்றும், அவற்றைக் காங்கிரஸ் சட்டம் இயற்றி மாற்றலாம் என்றும் சொல்கிறது. (காங்கிரஸ் என்பது அவர்களுடைய நாடாளுமன்றத்தின் பெயர், கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மாநிலமும் காங்கிரசும் இருக்கும் அந்த வாக்கியத்தில் அதிபர் இல்லை. 1952இல் கொரியப் போரின் நடுவே எஃகு ஆலைகளை அரசே எடுத்து நடத்த அன்றைய அதிபர் ட்ரூமன் ஆணையிட்டபோது, சட்டமோ அரசமைப்போ தராத அதிகாரத்தை அதிபர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தத் தீர்ப்பைத் தொடாமல் இத்தகைய வழக்கு எதுவும் நகர்வதில்லை.

தேர்தல் உதவி ஆணையத்தின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் நால்வர் உண்டு. ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. எந்த முடிவுக்கும் மூன்று வாக்குகள் தேவை. படிவத்தை மாற்றுவதென்றால் மாநிலத் தேர்தல் அதிகாரிகளைக் கலந்தே மாற்ற வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டுச் சட்டம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டாலன்றி ஒரு வரிகூட மாறக் கூடாது என்று இவ்வளவு பூட்டுப் போட்டு வைத்திருக்கும் அமைப்புக்கு, அதிபர் 'மாற்று' என்று கட்டளையிடலாமா என்பதுதான், என் பார்வையில், வழக்கின் உயிர்நிலை.

மாநிலங்களுக்கு முன்பே, வாக்காளர் அமைப்புகளும் ஜனநாயகக் கட்சியும் தொடுத்திருந்த வழக்கில் தலைநகர் நீதிபதி கொலர்-கொட்டெல்லி ஏப்ரல் 24 அன்று ஆவணக் கட்டளைக்கு இடைக்காலத் தடை விதித்தார். அக்டோபர் 31 அன்று அதை நிரந்தரமாக்கினார். மாசசூசெட்ஸின் பாஸ்டன் நகரில் நீதிபதி டெனிஸ் கேஸ்பர் ஜூன் 13 அன்று 19 மாநிலங்களுக்குத் தடையாணை வழங்கினார். சியாட்டில் நீதிமன்றமும் 2026 ஜனவரியில் வாஷிங்டன், ஓரிகன் பக்கம் தீர்ப்பளித்தது. இவை யாவும் கீழமை நீதிமன்றங்களின் தீர்ப்புகள், மேல்முறையீட்டுக்கு உரியவை.

கொடைக்கானல் வாசகர்: குடிமகன் அல்லாதவர் வாக்களிக்கக் கூடாது என்பது நியாயம்தானே? ஆவணம் கேட்டால் மாநிலங்களுக்கு என்ன நட்டம்?

நியாயம்தான், அதை எந்த மாநிலமும் மறுக்கவில்லை. குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பதை 1996ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. ஆவணம் கேட்பதால் என்ன நேரும் என்பதற்குக் கன்சாஸ் மாநிலம் விடை தந்தது. அங்கே மாநில அரசே ஆவணத்தைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவாக 31,000க்கும் மேற்பட்டோரின் விண்ணப்பங்கள் முடங்கின. 2018இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. முடங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் குடிமக்களே. கையில் காகிதம் இல்லாததுதான் அவர்கள் செய்த தவறு.

ஆனால் தங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. ஆவணம் கேட்பது நல்லதா என்பது ஒன்று. அதைக் கேட்கும் அதிகாரம் யாருக்கு என்பது மற்றொன்று. அரிசோனா மாநிலம், பொதுப் படிவத்துக்கு மேல் தானாக ஓர் ஆவணத்தைக் கேட்டபோது, காங்கிரசின் சட்டத்துக்கு மேலே மாநிலம் போக முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது அதே சட்டத்துக்கு மேலே அதிபரும் போக முடியாது என்று கீழமை நீதிமன்றங்கள் சொல்கின்றன. குடியுரிமை ஆவணத்தைக் கட்டாயமாக்கும் ஒரு மசோதாவைக் காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அது சட்டமானால் மாநிலங்களின் இந்த வாதம் பெரிதும் வலுவிழக்கும்.

கூடலூர் வாசகர்: எங்கள் பாட்டி 1970களில் கண்டிப் பக்கத்திலிருந்து இங்குள்ள தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். இலங்கையில் எங்களவர்களின் வாக்குரிமை பறிபோனதும் இப்படி ஒருவர் போட்ட ஆணையினாலா?

இல்லை. அதைச் செய்தது நாடாளுமன்றம். அதுவும் முறைப்படி வாக்கெடுத்து, சட்டம் இயற்றிச் செய்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் மலையகத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றார்கள். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிலேயே பிறந்தவராக இருந்தாலும், தந்தை அங்கே பிறந்தவர் என்றோ, இல்லையெனில் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும் என்றது அது. பிறப்புப் பதிவே சரிவர இல்லாத, தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழ்ந்த மனிதர் பூட்டனின் பிறப்பை எந்தக் காகிதத்தில் காட்டுவார்? 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமகன் அல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் கேட்டுக் கோடகன் பிள்ளை என்பவர் நடத்திய வழக்கு, அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. அதன் பின் வந்ததுதான் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்ற 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தமும், தங்கள் பாட்டியின் கப்பல் பயணமும்.

பல ஆண்டுகளுக்கு முன் பந்தலூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில், டிரங்குப் பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிவைத்திருந்த ஒரு கடவுச்சீட்டை எனக்குக் காட்டினார்கள். தாயகம் திரும்பும்போது இந்தியத் தூதரகம் வழங்கியது. ஓரங்கள் கறையான் தின்றிருந்தன. அதில் இருந்த பெயருக்கும் ரேஷன் அட்டையில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபட்டது. அந்த ஓர் எழுத்துக்காக அந்த அம்மாள் மூன்று அலுவலகம் ஏறி இறங்கியிருந்தார். அமெரிக்கச் செய்தியில் 'கடவுச்சீட்டு' என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு அந்த உறைதான் நினைவுக்கு வந்தது.

தங்கள் கேள்வி என் முந்தைய பதிலையும் சற்று அசைத்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட்டார் என்பதாலேயே சட்டம் நியாயமாகிவிடாது. அமெரிக்க மாநிலங்கள் இப்போது வென்றிருப்பது அதிகாரத்தைப் பற்றிய கேள்வியில் மட்டுமே. நியாயத்தைப் பற்றிய கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

உதகை சட்டக் கல்லூரி மாணவர்: அமெரிக்க மாநிலத்துக்கு உள்ள இந்த உரிமை தமிழ்நாட்டுக்கு ஏன் இல்லை? வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தத்தின்போது நம் அரசும் இப்படி வழக்குத் தொடுத்திருக்கலாமே?

நம் அரசமைப்பு வேண்டுமென்றே எதிர்த்திசையில் கட்டப்பட்டது. முதல் வரைவில் மாகாணத் தேர்தல்களுக்குத் தனித்தனி ஆணையங்கள் இருந்தன. 1949 ஜூன் 15 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அதை மாற்றி, ஒரே மைய ஆணையத்தை முன்வைத்தார். இனத்தாலோ பண்பாட்டாலோ மொழியாலோ தங்களைச் சேராதவர்களைச் சில மாகாணங்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்க முற்படுவதாக வந்த புகார்களே அவர் சொன்ன காரணம். பட்டியலில் கைவைப்பவர் மாகாண ஆட்சியாளராக இருப்பார் என்பது அவருடைய அச்சம். அது அதிபராக இருப்பார் என்பது வாஷிங்டன் மாநிலத்தின் அச்சம். கூடலூர் வாசகரின் குடும்பக் கதையை அருகில் வைத்துப் பார்த்தால், அம்பேத்கரின் அச்சத்தைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 324ஆம் உறுப்பு பட்டியல் தயாரிப்பு முழுவதையும் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. 327இன்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். அது தொடாத இடத்தில் மட்டும், 328இன்படி, மாநிலச் சட்டமன்றம் தன் தேர்தலுக்குச் சட்டம் இயற்றலாம். மாநிலத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையிலான பிணக்குக்கு 131ஆம் உறுப்பு உண்டு. ஆனால் ஆணையம் ஒன்றிய அரசு அன்று, ஆதலால் அந்த வாசல் இதற்கு நேராகப் பொருந்தாது. இதனால்தான் திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் பெரும்பாலோர் கட்சிகளும் அமைப்புகளும் தனிமனிதர்களுமாக இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து 2025 நவம்பரில் தி.மு.க. சென்றது. பக்கத்துக் கேரளத்தில் அரசே சென்றது. ஆனால் அது கேட்டது, உள்ளாட்சித் தேர்தல் முடியும் வரை பணியைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதை. இந்தப் பணியைச் செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டா என்ற அடிப்படைக் கேள்வியை வேறு மனுக்கள் எழுப்பின.

அமெரிக்க வழக்கோடு நாம் ஒப்பிடத்தக்கது வேறொன்று. ஆணையரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தலைமை நீதிபதியும் இருக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவருடைய இடத்தில் ஓர் ஒன்றிய அமைச்சரை வைத்தது. அங்கே படிவத்துக்கு மூன்று வாக்கு என்ற பூட்டு இருக்கிறது. இங்கே பூட்டுப் போடுபவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலேயே ஆளும் தரப்புக்கு மூன்றில் இரண்டு இடம் இருக்கிறது. மாணவர்கள் ஆராய வேண்டிய இடம் இது.

கோத்தகிரி வாசகர்: தபால் வாக்கு தாமதமாக வந்தால் எண்ணக் கூடாது என்பது நம் நாட்டிலும் உள்ளதுதானே? இதில் டிரம்ப் சொல்வதில் என்ன பிழை?

நம் நாட்டில் உண்டு: வாக்கு எண்ணத் தொடங்கும் நேரத்துக்கு முன் தபால் வாக்கு வந்து சேர வேண்டும். ஆனால் நமக்கு வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடையே பல நாள் இருக்கும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நீலகிரி தொகுதி ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது, எண்ணியது ஜூன் 4 அன்று. பர்லியாறு பக்கம் மண்சரிந்து மலைப்பாதை இரண்டு நாள் அடைபட்டாலும் உறை வந்து சேர்ந்துவிடும். மேலும் 85 வயதைக் கடந்தவர்கள் 12டி படிவம் கொடுத்தால் அலுவலர் குழுவே வாக்குப்பெட்டியோடு வீட்டுக்கு வருகிறது. அமெரிக்காவில் வாக்களிக்கும் நாளன்றே எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால், தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால் உறை சில நாள் கழித்து வந்தாலும் ஏற்பது என்று பல மாநிலங்கள் சட்டம் செய்துகொண்டன. ஓரிகன் ஏழு நாள் தருகிறது.

இந்தச் சலுகை சரியா என்பதை அதிபரின் ஆணையைத் தொடாமலே தீர்க்கக்கூடிய வேறொரு வழக்கு இருக்கிறது. ஐந்து வேலைநாள் அவகாசம் தரும் மிசிசிபி மாநிலச் சட்டத்தை எதிர்த்துக் குடியரசுக் கட்சி தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் விசாரணைக்கு ஏற்றது. 1845இலும் 1872இலும் காங்கிரஸ் இயற்றிய சட்டங்களில் உள்ள 'தேர்தல் நாள்' என்பது வாக்காளர் உறையை அனுப்பும் நாளா, அது அலுவலர் கைக்கு வந்து சேரும் நாளா என்பதே அங்கே வாதம். தபாலும் தந்தியும் தவிர வேறில்லாத காலத்துச் சொற்கள் அவை.