பாலம் உடைந்தால் மார்க் உண்டா? - வாசகர் கேள்வி பதில்

பள்ளிகளில் கண்காட்சி சீசன் தொடங்கிவிட்டது என்பது வந்து குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பொருளைத் திட்டமிட்டுச் செய்ய வைப்பது எப்படி என்றுதான் பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு அடுத்த இதழில் பதில், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: அரசு நடுநிலைப் பள்ளியில் 7ஆம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 40 பேர், பீரியட் 40 நிமிடம், கையில் காசு கிடையாது. பிள்ளைகளே யோசித்து வடிவமைத்து ஏதாவது கட்ட வேண்டும் என்று ஆசை. எதில் தொடங்கலாம்? (ஆசிரியை, தேனி மாவட்டம்)

ப: பழைய பேப்பரில் தொடங்குங்கள் டீச்சர். நாலு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு நாளிதழ் எட்டுத் தாள், செல்லோ டேப் ஒரு மீட்டர், அதற்கு மேல் ஒன்றும் தரக்கூடாது. இரண்டு பெஞ்சுகளை 50 செ.மீ. தள்ளிப் போட்டு, நடுவே ஒரு பாலம். பாலத்தின் நடுவில் சின்ன வாளியைத் தொங்கவிட்டு, அது உடையும் வரை அளந்து அளந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் தராசுகூட வேண்டாம், வாளியின் எடையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு முறை கட்ட வேண்டும். முதல் முறை ஒன்றுமே சொல்லித் தராமல் விட்டுவிடுங்கள், வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். முக்கோணம், தூண், உத்தரம் எதுவும் பேச வேண்டாம். பெரும்பாலான பாலங்கள் பரிதாபமாகத் தொங்கிப்போகும், வகுப்பே சிரிக்கும். பாடம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. உடைந்ததைக் குப்பையில் போடவிடாமல் மேசைமேல் வைத்து, எந்த இடத்தில் போனது என்று தேடச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் மூன்று விதமாகத்தான் உடைந்திருக்கும். ஒட்டிய இடத்தில் டேப் உரிந்திருக்கும், இதுதான் ரொம்பச் சகஜம். இல்லையென்றால் பேப்பர் குழாய் நடுவில் மடங்கியிருக்கும். தாளைத் தளர்வாகச் சுருட்டினால் அப்படித்தான் ஆகும். ஒரு மூலையிலிருந்து குறுக்காக, துடைப்பக் குச்சியையோ சைக்கிள் ஸ்போக்கையோ உள்ளே வைத்து இறுக்கிச் சுருட்டி, குச்சியை உருவிவிட்டால் குழாய் விறைப்பாக நிற்கும். அதே குழாயைப் பாதி நீளமாக்கினால், மடங்குவதற்கு முன் கிட்டத்தட்ட நாலு மடங்கு அழுத்தம் தாங்கும். இதை நம்பச் சொல்லாதீர்கள், உள்ளங்கையால் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது, குழாய்கள் எல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் மொத்தச் சட்டமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

அந்தக் குழுவுக்கு ஒரு தீப்பெட்டியும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளும் கொடுங்கள். மருந்தைச் சுரண்டிய நான்கு குச்சிகளை டியூப் துண்டுகளால் இணைத்தால் சதுரம் வரும், விரலால் தள்ளினால் படுத்துவிடும். மூன்றை இணைத்தால் எப்படித் தள்ளினாலும் அசையாது. கழிவுப் பொருள்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அர்விந்த் குப்தா பல வருடங்களாகக் குழந்தைகளுக்குச் செய்துகாட்டிவரும் வித்தை இது. ஐந்து நிமிட வேலை, அதைச் செய்த பிள்ளைக்கு முக்கோணத்தைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் படத்தைக் காட்டி, கப்பலுக்காகத் தூக்கிக்கொள்ளும் பகுதியில் எத்தனை முக்கோணம் என்று எண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஏதாவது ஒரு குழு எட்டுத் தாளையும் கயிறாக முறுக்கி இரண்டு பெஞ்சுகளிலும் இறுக்கக் கட்டி, “இதுதான் சார் பாலம்” என்று வந்து நிற்கும். காகிதத்தை அமுக்கினால் மடங்கிவிடும், இழுத்தால் நன்றாகத் தாங்கும், ஆகவே அந்தக் கயிறு மற்ற பாலங்களைத் தோற்கடித்தாலும் தோற்கடிக்கும். பெஞ்சில் கட்டக்கூடாது என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் அந்தக் குழுவுக்குத்தான் பரிசு, திட்டக்கூடாது.

இரண்டாவது பாலத்துக்கு ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். அறிவியல், கணிதச் செயல்பாடுகளைச் செய்துகாட்டும் அரசின் வானவில் மன்றக் கருத்தாளர் உங்கள் பள்ளிக்கு வருகிறார் என்றால் தண்ணீர் ஊற்றும் நாளை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம், 40 பேருக்கு இன்னொரு ஆள் கூட இருப்பது நல்லது.

கே: படம் வரைந்து திட்டமிட்டுவிட்டுச் செய் என்றால் பிள்ளைகள் கேட்பதே இல்லை. முதலில் செய்துவிட்டு, அதைப் பார்த்து நோட்டில் படம் போடுகிறார்கள். (பயிற்சி ஆசிரியர், விழுப்புரம்)

ப: நோட்டில் படம் நம் திருப்திக்காக என்று அவர்கள் நினைக்கும்வரை இப்படித்தான் நடக்கும். பக்கத்துக் குழுவுக்குத் தேவைப்பட்டால் ஒழுங்காக வரைவார்கள். ஒரு குழு வரைந்ததை வாங்கி இன்னொரு குழுவிடம் கொடுத்து, அதைப் பார்த்து அட்டையை வெட்டச் சொல்லுங்கள், கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். “இந்தப் பக்கம் எவ்வளவுடா நீளம், போடவே இல்லையே?” என்று அடுத்த நிமிடமே சண்டை வரும். அந்தச் சண்டைக்குப் பிறகு அளவு போடாமல் யாரும் வரைய மாட்டார்கள்.

மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கவாட்டில் என்று மூன்று படம் போதும். கிராஃப் தாளில் ஒரு செ.மீ.க்குப் பத்து செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 7ஆம் வகுப்புக் கணக்கிலேயே அடங்கிவிடும். கலர் பென்சிலை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள். கையில் இருந்தால் பாலத்துக்குக் கீழே மீன் நீந்த ஆரம்பித்துவிடும்.

கே: என் பையன் 7ஆம் வகுப்பு. கண்காட்சிக்கு மாடல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நானும் வாங்கித் தரட்டுமா? நேரமும் இல்லை. (ஒரு அம்மா, கோவை)

ப: வேண்டாம்மா. கடை மாடலை நடுவர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள், ‘ஸ்மார்ட் சிட்டி’யும் தெர்மோகோல் எரிமலையும் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போனவர்கள் அவர்கள். அதைவிடப் பெரிய நஷ்டம், பையன் ஒன்றுமே செய்யாமல் நிற்பது.

உங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா? அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்பது வோல்ட் பேட்டரி, சின்ன பசர், கொஞ்சம் ஒயர். ஒயரின் இரண்டு முனைகளையும் தண்ணீரில் நனைத்தால் பசர் கத்தும் என்றுதான் முதலில் நினைப்பான். சில வீடுகளில் முனகும், சில வீடுகளில் சத்தமே வராது, ஏனென்றால் குழாய்த் தண்ணீர் மின்சாரத்தைக் கொஞ்சமாகத்தான் கடத்தும். உப்பு அதிகமான போர்வெல் தண்ணீர் இன்னும் கொஞ்சம் நன்றாகக் கடத்தும். இந்த இடத்தில்தான் அவன் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், நீங்கள் அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். ஒரு வழி, பிசி547 டிரான்சிஸ்டர். ரொம்ப மலிவு, தண்ணீர் வழியே போகும் கொஞ்சூண்டு மின்னோட்டத்தை வைத்தே பசரை இயக்கிவிடும். இன்னொரு வழி எனக்குப் பிடித்தது: மூடி இறுக்கிய காலி பாட்டில் ஒன்றை மிதக்கவிட்டு, அதன் தலையில் அலுமினியத் தாள் ஒட்டி, தண்ணீர் ஏறும்போது அந்தத் தாள் மேலே இருக்கும் இரண்டு ஒயர்களையும் தொடும்படி வைப்பது. ஒயர் தண்ணீரில் படாது, பச்சை பிடிக்காது. பாட்டில் ஓரமாக நகர்ந்துவிடாமல் நேராக ஏற அதற்கு ஒரு குழாயோ கம்பியோ வேண்டும், அதைக் கண்டுபிடிக்கவே அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், போகட்டும்.

தொட்டியில் பார்ப்பதற்கு முன் கீழே ஒரு பக்கெட்டில் வைத்துப் பார்க்கட்டும். மோட்டார் லைனில் கை வைக்கவே கூடாது, பேட்டரியோடு சரி. உங்கள் பங்கு பொருள் வாங்கித் தருவது, கத்தி பிடிக்கும்போது பக்கத்தில் நிற்பது. அவ்வளவுக்கு நேரம் இருக்கும்தானே?

கே: இன்ஸ்பயர் மானக் விருதுக்கு 6ஆம் வகுப்புப் பிள்ளை எழுதலாமா? (தந்தை, நாமக்கல்)

ப: தாராளமாக. பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் விருது இது, யோசனை தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். பள்ளி மூலமாகத்தான் அனுப்ப வேண்டும், ஆகவே பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். யூடியூபில் பார்த்ததை எழுதாமல் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கும் தொல்லை எதையாவது எழுதச் சொல்லுங்கள்.

கே: எங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கிறது. 3டி பிரிண்டர் துணி போர்த்தி நிற்கிறது. பழுதானால் என்ன செய்வது என்று பயம். பிள்ளைகளை எப்படி விடுவது? (ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: அந்த ஆய்வகமே 6 முதல் 12 வரை படிப்பவர்கள் தொட்டுப் பழகுவதற்காக 2016இல் தொடங்கிய திட்டம், துணியை எடுத்துவிடுங்கள். ஆனால் முதல் நாளே பிரிண்டர் வேண்டாம். பிள்ளைகளுக்கு அந்த மெஷின்மேல் இருக்கும் மோகத்தில் ராக்கெட்டும் எழுத்துப் பொறித்த கீசெயினும் அடித்துத் தள்ளிவிடுவார்கள், பிரிண்டருக்குள் உருகிப் பொருளாகும் பிளாஸ்டிக் இழை தீர்ந்துவிடும், கற்றுக்கொண்டது ஒன்றும் இருக்காது.

முதலில் எல்லாவற்றையும் அட்டையில் செய்யட்டும். அட்டையில் செய்யவே முடியாத துண்டு எதுவோ அதை மட்டும் பிரிண்ட் செய்யலாம் என்று விதி வையுங்கள். உதாரணத்துக்கு, சைக்கிள் ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பையை மாட்ட ஒரு கொக்கி. குழாயின் விட்டத்தை ஸ்கேலால் அளந்தால் தப்பும், நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர்ஸ் வேண்டும். 8 மி.மீ. கம்பிக்குச் சரியாக 8 மி.மீ. துளை போட்டால் உள்ளே போகாது, கொஞ்சம் கூட்டி 8.3, 8.4 என்று வைக்க வேண்டும். எவ்வளவு என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், ஆகவே நாலைந்து அளவில் துளை போட்ட சின்னச் சில்லு ஒன்றை முதலில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் கோணிக்கொள்ளும், அதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

கே: சூடான குளூ கன்னை 6ஆம் வகுப்பில் கொடுக்கலாமா?

ப: உங்கள் கையில் மட்டும். பிள்ளைகளுக்கு ஃபெவிகால் போதும், ஒரு இரவு காயவிட வேண்டும் என்பதால் பொறுமையும் வரும். தெர்மோகோலில் ஃபெவிக்விக் வேண்டாம், தெர்மோகோலைத் தின்றுவிடும்.

கே: சார், நான் 8ஆம் வகுப்பு. எங்கள் குழுவில் மூன்று பையன்கள், நான் ஒருத்தி. சார்ட் எழுதுவதும் கலர் அடிப்பதும்தான் எனக்கு. ஸ்க்ரூடிரைவரைத் தொடவே விடுவதில்லை. என்ன செய்வது? (மாணவி, திருநெல்வேலி)

ப: உன் எழுத்து அழகாக இருக்கிறது என்பது அவர்களுக்கு ஒரு சாக்கும்மா. அடுத்த பீரியட் தொடங்கும்போதே ஸ்க்ரூடிரைவரை எடுத்து உன் பக்கம் வைத்துக்கொள், சார்ட்டை அவர்கள் பக்கம் தள்ளிவிடு. கேட்டால் இன்றைக்கு என் முறை என்று சொல். சண்டை வந்தால் இந்தப் பக்கத்தை உங்கள் டீச்சரிடம் காட்டு, ஏனென்றால் மிச்சம் அவருக்கு: டீச்சர், அளப்பவர், வெட்டுபவர், பூட்டுபவர், எழுதுபவர் என்று நாலு வேலையையும் போர்டில் எழுதி ஒவ்வொரு பீரியடும் பெயரை மாற்றிப் போடுங்கள். பிள்ளைகளே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டால் எல்லா வகுப்பிலும் இப்படித்தான் பிரியும்.

கே: எல்லாம் சரி, உடைந்துபோன பாலத்துக்கு எப்படி மார்க் போடுவது? ஹெச்.எம். கேட்டால் என்ன காட்டுவது? (ஆசிரியர், ஈரோடு)

ப: பாலம் எப்படியும் உடையும், உடையும் வரை தண்ணீர் ஊற்றுகிறோமே. 20க்குப் போடுவதாக இருந்தால் நான் நோட்டுக்கு 10 தருவேன், தேதி போட்ட வரைபடங்கள், எங்கே உடைந்தது, எதை மாற்றினோம் என்று இருக்க வேண்டும். முதல் பாலத்துக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 7. முதலில் இரண்டு கிலோ தாங்கி அப்புறம் ஐந்து கிலோ தாங்கிய குழு, இரண்டு முறையும் ஆறு கிலோ தாங்கிய குழுவைவிடக் கூடுதலாக வாங்க வேண்டும். அழகுக்கு 3 போதும், அதுகூடப் பெற்றோர் கோபிக்காமல் இருக்க.

இரண்டாவது பாலம் முதல் பாலத்தைவிட மோசமாகப் போன குழு ஒன்று கட்டாயம் இருக்கும். ஏன் இறங்கியது என்று கேளுங்கள். “குழாயை நல்லா இறுக்கினோம் சார், ஆனா டேப் எல்லாம் அதுக்கே போயிருச்சு, மூலையில ஒட்ட மிச்சம் இல்ல” என்று சொன்னால் அந்த 7 மார்க்கையும் முழுதாகப் போட்டுவிட்டு, அவர்கள் நோட்டையே ஹெச்.எம்.மிடம் காட்டுங்கள்.